டியூப் ஆம்ப்: எதை மாற்றணும், எதை விட்டுடணும்

கிட்டார் டியூப் ஆம்ப்பில் (கண்ணாடிக் குழாய்கள் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்) சத்தம் கொஞ்சம் மாறியதுமே எல்லா டியூப்களையும் ஒரேயடியாக மாற்றுவது வீண் செலவு. ப்ரீஆம்ப்பில் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) உட்கார்ந்திருக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய டியூப் பத்து வருடம்கூடத் தாங்கும். தேய்வது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்தான். அடிக்கடி சத்தமாக வாசித்தால் ஓரிரு வருடம், வீட்டில் மெதுவாக வாசித்தால் அதைவிட வெகுகாலம் வரும். தேய்வு சட்டென்று காதில் படாது. பேஸ் தொளதொளக்கும், மேல் சுருதிகளில் பளிச்சென்ற தன்மை போகும், வால்யூமைக் கூடுதலாகத் திருப்பத் தோன்றும்.

ப்ரீஆம்ப் டியூபின் நோய் வேறு. ஆம்ப் ஓடும்போது பென்சிலின் பின்முனையால் லேசாகத் தட்டுங்கள். முதல் ஸ்டேஜ் டியூப் கொஞ்சம் 'டிங்' என்றால் சகஜம். தானாக ஊளையிட்டால் மைக்ரோபோனிக், அதாவது அதிர்வையே சத்தமாக்கும் கெட்ட டியூப். மாற்றும்போது பயாஸ் (வாசிக்காதபோதும் டியூப் வழியே எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதை வைக்கும் அமைப்பு) பார்க்கத் தேவையில்லை. ஆறவிட்டு நேராக இழுங்கள். பக்கவாட்டில் வளைத்தால் பின் அருகே கண்ணாடி விரிசல் விடும்.

பவர் டியூபை ஜோடியாக, மேட்ச் ஆனதாகவே (ஒரே அளவு கரன்ட் எடுப்பதாக) வாங்க வேண்டும். ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப் (பயாஸைத் தனி மைனஸ் வோல்ட்டேஜால் வைக்கும் வகை) என்றால் பயாஸைச் சரிபார்க்காமல் விடக்கூடாது. இஎல்34 என்ற பவர் டியூபின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) தாங்குவது 25 வாட். வாசிக்காதபோது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட், வரை வைக்கலாம். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் டியூபுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர். கேத்தோடுக்கும் (டியூபில் எலக்ட்ரான் புறப்படும் முனை) சாசிக்கும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லிஆம்பியர். இதில் ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னுள்ள கம்பிவலை) கரன்ட்டும் கலந்திருக்கும், ஆகவே பிளேட்டுக்குப் போவது சற்றுக் குறைவே. புது டியூப் சூடாகி நிலைக்க இருபது நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பிளேட் சிவந்தால் உடனே அணையுங்கள். பலர் உடனே புது டியூப் போட்டு அதையும் எரிக்கிறார்கள். ஆறியபின் இரண்டு டியூப்களையும் இடம் மாற்றிச் சில நொடி ஓட்டினால் குட்டு வெளிப்படும்: சிவப்பு டியூபோடு நகர்ந்தால் டியூப் கெட்டது, அதே சாக்கெட்டில் நின்றால் கோளாறு ஆம்ப்பில். முதல் சந்தேகம் தளர்ந்த சாக்கெட் கான்டாக்ட், குறிப்பாகக் கன்ட்ரோல் கிரிட் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) வரும் 5ஆம் பின். பிறகு ஒழுகும் கப்ளிங் கெபாசிட்டர் (முந்தைய ஸ்டேஜின் சிக்னலை மட்டும் கடத்தி டிசி-யைத் தடுப்பது), அழுக்கேறிய பயாஸ் பாட் (பயாஸைத் திருப்பி வைக்கும் குமிழ்). டியூப் ஷார்ட் ஆகிப் போனதென்றால் ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் (பெரும்பாலும் 470 ஓம் அல்லது 1 கே) அளந்துவிடுங்கள். அது எரிந்து இணைப்பு அறுந்திருந்தால் அந்த டியூபின் பக்கம் வேலையே செய்யாது; மெலிந்த சத்தமும் ஹம்மும்தான் மிஞ்சும்.

6எல்6 என்ற வேறு வகைப் பவர் டியூப் இருந்த இடத்தில் இஎல்34 பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். ஹீட்டருக்கு (டியூபைச் சூடாக்கும் இழை) 0.9-க்குப் பதில் 1.5 ஆம்பியர் கேட்கும்; பவர் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும்.

சாசியைத் திறப்பதற்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபில்டர் கெபாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்தபிறகே கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பலி.

கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல நீல ஒளி தெரிந்தால் பயம் வேண்டாம். உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூபைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.