ஏர்கான் செம்புக் குழாய்: நைட்ரஜன் ஊதலா, ஸ்பாஞ்சு உருண்டையா?

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் பழைய ஆர்-22 குளிர்வாயு ஏர்கானைக் கழற்றி ஆர்-32 வாயு ஏர்கான் மாட்டும்போது, குழாயையும் மாற்றுவதே நல்லது. சுவருக்குள் பதிந்திருந்தால்? சுத்தம் செய்தே ஆகவேண்டும். பழைய கனிம எண்ணெய் புது ஆர்-32 வாயுவோடு சரியாகக் கலக்காது; அதற்கென வருவது பிஓஇ என்ற செயற்கை எண்ணெய்.

நைட்ரஜன் ஊதல் சுலபம். ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து, இடைவெளி விட்டு விட்டு ஊதினால் தேங்கிய எண்ணெயும் தூசியும் வெளியே வரும். ஆனால் உட்சுவரில் ஒட்டிய படலம் அப்படியே நிற்கும். இதற்கு கம்ப்ரசர் காற்று வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை பிஓஇ எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் கூடவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஸ்பாஞ்சு உருண்டை குழாயைவிடச் சற்றுப் பெரியது. நைட்ரஜன் பின்னாலிருந்து தள்ள, சுவரைத் துடைத்துக்கொண்டே போகும். முதல் உருண்டை கறுப்பாக வரும்; சுத்தமாக வரும்வரை அடுத்தடுத்து அனுப்பவேண்டும். அழுக்கைக் கண்ணால் பார்க்க முடிவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. நசுங்கிய வளைவில் சிக்கலாம், அதனால் எண்ணி அனுப்பி எண்ணி எடுங்கள். மறுமுனையில் ஒரு பை கட்டிவிடுங்கள், வேகமாகப் பாயும்.

என் தேர்வு உருண்டைதான். அப்புறம் நைட்ரஜன், கடைசியில் வேக்கூம் (குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது). பழைய ஏர்கானின் கம்ப்ரசர் எரிந்துபோயிருந்த குழாய் என்றால் அமிலம் இருக்கும். அங்கே இரண்டையுமே நம்பமாட்டேன்.