துறைமுக இழுவையா, ஆழ்கடல் இழுவையா?

திருகோணமலை ஜெட்டியில் நிற்கும் டக் படகை, அதாவது பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் நகர்த்தும் துறைமுக இழுவையை, பார்த்துப் பழகியவர்களுக்கு, கடற்படைகளின் ஆழ்கடல் இழுவைக் கப்பல் வேறு இனம் என்றே தோன்றும்.

துறைமுக இழுவை குட்டையானது. மூக்கைச் சுற்றி ரப்பர் மெத்தை, கறுத்த டயர்கள். பெரிய கப்பலின் விலாவில் நெற்றியை வைத்துத் தள்ளும், நின்ற இடத்திலேயே சுழலும். நம் உட்துறைமுகம் ஆழமானது, அலை இல்லாதது. அங்கே இதுவே போதும்.

வாடைக்காற்றுக் காலத்தில் கோணேசர் மலையைத் தாண்டிப் போனால் கதை மாறும். அங்கே தள்ளுவதற்கு வழியில்லை, இழுக்கத்தான் வேண்டும். ஆழ்கடல் இழுவையின் பின்தளம் தாழ்ந்து வெறுமையாக இருக்கும். அதன் வின்ச்சிலிருந்து (வடத்தைச் சுற்றி வைக்கும் உருளைப் பொறி) நூற்றுக்கணக்கான மீட்டர் எஃகு வடம் இறங்கும். அந்த வடம் விறைப்பாக நிற்கக் கூடாது. கடலுக்குள் தொய்ந்து கிடக்கும் அதன் பாரம்தான் அலையின் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. விறைத்தால் அறும், அறுந்தால் ஆளை வெட்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த நவாஹோ வகை இழுவைகள் 62 மீட்டர் நீளம், 3000 குதிரைத்திறன். அடிபட்ட போர்க்கப்பல்களை இழுத்து வந்தவை அவை.

2020 செப்டம்பரில் நம் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் சுமார் 2,70,000 தொன் கச்சா எண்ணெயுடன் எரிந்தபோது, கரையை விட்டு அதை விலக்கி இழுக்க இந்த இனம்தான் தேவைப்பட்டது. அன்றாட வேலைக்குச் சரி, சின்னதே சிக்கனம். ஆனால் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் நான் பெரியதையே கேட்பேன். அது தட்டுத்தடுமாறியாவது துறைமுக வேலையைச் செய்துவிடும்.