முட்டை குறைவு என்றதும் ஊசியைக் கூட்டுகிறவர்களிடம் கவனம்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். நாங்கள் போனது கோவையில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையம். பெயரை இங்கே எழுதவில்லை.

எனக்கு வயது 34. கருவகத்தில் மீதமுள்ள முட்டைகளைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்ஹெச் 0.7 என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்ததுமே மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் தள்ளிப்போட்டால் வேறொரு பெண்ணின் முட்டைதான்மா" என்றார். அன்றைக்கே பணம் கட்ட வைத்துவிட்டார்கள். ஏஎம்ஹெச் முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தைச் சொல்வது பெரும்பாலும் வயதுதான் என்பதை அங்கே ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பிறகு முட்டைகளை வளர வைக்கும் ஹார்மோன் ஊசி, தினமும் 450 யூனிட். கூடவே வளர்ச்சி ஹார்மோன். அதுவும் போதாதென்று பிஆர்பி, அதாவது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த பகுதியைக் கருவகத்துக்குள் செலுத்துவது. எல்லாம் அவர்கள் மருந்துக்கடையிலேயே வாங்க வேண்டும். எது எதற்கு என்று கேட்டால், "உங்கள் பாக்கேஜில் இருக்கிறதுங்க" என்பதுதான் பதில். ஆனால் கடைசிப் பில்லில் எல்லாம் தனித்தனியாக வந்தன. அந்த வருடம் மஞ்சள் விற்ற காசு முழுவதும் அங்கேதான் போனது. கிடைத்தவை இரண்டு முட்டைகள். கரு எதுவும் தேறவில்லை.

ஈரோட்டில் வேறொரு மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். அந்த மாதம் வளரத் தயாராக இருக்கும் முட்டைப்பைகளை மட்டுமே ஊசி வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. ஊற்று குறைந்த கிணற்றில் ஏழரை எச்பி மோட்டாரை இறக்கியது போல என்றார் என் மாமனார். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான ஈஷ்ரே 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, முட்டை குறைவாக வரக்கூடியவர்களுக்கு 300 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனையும் அது பரிந்துரைக்கவில்லை. பிஆர்பி இன்னும் நிரூபிக்கப்படாத முறை.

அடுத்த முறை முட்டை வளர்ச்சியைத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையும் 150 யூனிட் ஊசியும் மட்டுமே. அப்போதும் இரண்டு முட்டைகள்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்துச் செலவு முன்பு ஆனதில் பாதிகூட இல்லை. ஒரு கருவை உறைநிலையில் வைத்திருக்கிறோம்.

ஊசியின் பெயர், தினசரி அளவு, விலை மூன்றையும் தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். கூடுதலாக எதையாவது சேர்த்தால், அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். சங்கடப்படத் தேவையில்லை. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் விளக்குவது 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையத்தின் கடமை. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அந்தப் பிரிவுக்கு நாங்களும் எழுதினோம். அடுத்த சுற்றுக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. பில்களை எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போய்விட்டோம்.