கரையோர மைதானத்தில் ஒரு மின்னொளி ஆட்டம்

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய தொழில்முறைத் துடுப்பாட்ட அணி ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் ஆட்டத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பதென்றால் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். 2020 இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரோடு லங்கா பிரிமியர் லீக்கின் முதற்கிண்ணத்தை வென்று, பின்னர் ஜப்னா கிங்ஸ் ஆகி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்ற அந்த அணி, நான்கு இறுதியாட்டங்களையும் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலுமே ஆடியது. யாழ்ப்பாண நகரை அடுத்த மண்டைதீவில் சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது எழும்பும் வரையில், சொந்த ஊரிலே சீட்டெடுத்து உள்ளே போய், ஓர் இரவை விளையாட்டோடு கழிக்க விரும்புபவருக்கு இருப்பது மின்னொளி உதைபந்தாட்டம்தான். அண்மையில் நகரத்தை அடுத்த கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த சுற்றுப்போட்டியின் அரையிறுதி ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மைதானத்தின் பெயரையும் கழகத்தின் பெயரையும் தவிர்த்துவிட்டே இதை எழுதுகிறேன். கீழே வரும் குறைகள் அந்த ஒரு கழகத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

அணிக்கு ஒன்பது பேர், தோற்ற அணி வெளியேறும் விலகல் முறை, காலஞ்சென்ற ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம், பரிசுப் பணம் கடல் கடந்த உறவுகளிடமிருந்து: இந்த அமைப்பு நம்மவர்களுக்குப் பழக்கமானது. நுழைவுச்சீட்டு 200 ரூபா, சிறுவர்களுக்கு இலவசம். ஆடுபவர்கள் சம்பளம் பெறும் வீரர்கள் அல்லர். பகலில் கடற்றொழிலும் மேசன் வேலையும் படிப்புமாக இருப்பவர்கள்தான் இரவில் காலணியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆயினும் குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென் மேரிஸ், ஊரெழு றோயல், இளவாலை யங் ஹென்றிசியன்ஸ் போன்ற கழகங்களின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த குடாநாட்டு இரசிகனுக்கு மட்டமான ஆட்டத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது என்பது ஆடுபவர்களுக்கும் தெரியும்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது. ஒன்பது பேர் ஆட்டம் என்பதால் நடுக்களத்தில் இடம் அதிகம். இரண்டு அளவான பரிமாற்றங்களில் பந்து கோல் கம்பத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்ததால் முதற்பாதியில் காற்றை எதிர்த்து ஆடிய அணி, பந்தை உயர்த்தாமல் தரையோடு தரையாகவே நகர்த்தியது. அந்த அணியின் இடது புற ஆட்டக்காரர், பதினெட்டு வயதைத் தாண்டியிருக்க மாட்டார், கோட்டோரமாகவே பந்தைக் கொண்டுபோய்க் கடைசி நிமிடம் வரை எதிரணியை அலைக்கழித்தார். பாதி மாறியதும் காற்று அவர்களுக்குச் சாதகமாயிற்று. ஆனால் அப்போதுதான் அவர்கள் தூரத்தில் இருந்தே அடித்துப் பார்க்கும் ஆசையில் விழுந்தார்கள். பந்துகள் ஒவ்வொன்றாகக் கம்பத்துக்கு மேலால் பறந்தன. கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்து, சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. எதிரணியின் கோல் காப்பாளர் மூன்றாவது உதையை வலப்புறம் பாய்ந்து தடுத்தபோது கயிற்றுக்கு வெளியே நின்ற சனம் முழுவதும் உள்ளே ஓடியது. அவர்களை வெளியேற்றி, அடுத்த உதையை எடுக்க வைப்பதற்கு மத்தியஸ்தர் பட்ட பாடு தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் ஒரு கயிறு மட்டும் இருப்பதுதான் இந்த இரவின் பெரிய கவர்ச்சி. எங்களோடு வந்திருந்த மருமகன் ரொறன்ரோவில் பிறந்தவன். அங்கே மேப்பிள் லீவ்ஸ் அணியின் ஐஸ் ஹொக்கி ஆட்டங்களுக்குத் தகப்பனோடு போய்ப் பழகியவன். 18,000 பேருக்கு மேல் அமரும் அரங்கு, இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள், இடைவேளை தோறும் பனித்தளத்தை மெழுகிவிடும் வண்டி என்று எல்லாவற்றையும் வரும் வழியிலேயே விபரித்திருந்தான். 1967 இற்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைக் கண்ணால் காணாத அந்த அணிக்கு அவன் காட்டும் விசுவாசம் எனக்கு விளங்குவதேயில்லை. முதலாவது அரையிறுதி முடிந்ததும், “மாமா, அங்கே பிளேயரோட கதைக்கேலாது” என்றான். சற்று முன்னர் உதையைத் தவறவிட்ட பையன் எங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பெரியம்மா அவனை ஏசிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நல்ல ஆட்டத்தை வைத்துக்கொண்டு, அதில் ஏற்பாட்டாளர்களுக்கே நம்பிக்கை இல்லாததுதான் என் முதன்மையான முறைப்பாடு. மாலை 7 மணி என்று சுவரொட்டியில் அச்சிட்டிருந்த ஆட்டம் 8.30 ஐத் தாண்டியே தொடங்கியது. இடைப்பட்ட நேரம் பிரதம விருந்தினரை வரவேற்பதிலும், மங்கள விளக்கேற்றுவதிலும், பொன்னாடை போர்த்துவதிலும், ஏறத்தாழ ஒரே உரையைப் பலர் வாயிலாகக் கேட்பதிலும் கழிந்தது. பணம் அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை மறுக்கவில்லை. முகநூல் நேரலையில் அவர்கள் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் காலை எழுந்து கடலுக்குப் போக வேண்டியவர்களும் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் நிறைந்திருக்கும் மைதானத்தில் அந்த நன்றியை இரண்டு அரையிறுதிகளுக்கும் இடையிலே, வீரர்கள் உடலைத் தளர்த்தும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். சீட்டெடுத்து வந்தவனுக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. நேர்முக வர்ணனையாளர் திறமைசாலி, ஊர் முழுவதையும் பட்டப்பெயரோடு அறிந்தவர். ஆயினும் கோல் கம்பத்துக்கு முன்னால் பந்து நிற்கும்போது அனுசரணை தந்த கடையின் பெயரை வாசிக்கும்படி அவரைப் பணித்தவர் யாரோ, அவர் உதைபந்தாட்டத்தை விரும்புபவராக இருக்க முடியாது.

வெளிச்சம் பரவாயில்லை. வாடகைக்கு எடுத்த மின்விளக்குகள் நான்கு மூலைகளிலும் நின்றன; கடலை நோக்கிய மூலையில் மட்டும் இருள் படிந்திருந்ததால் அங்கிருந்து வந்த மூலை உதைகளைக் காப்பாளர்கள் பிந்தியே கண்டார்கள். மின்பிறப்பாக்கியைக் கதிரைகளுக்கு அருகில் வைத்தது தவறு: புகையும் இரைச்சலும் அந்தப் பக்கம் இருந்தவர்களை எழுப்பிவிட்டன. மலசலகூட வசதி ஆண்களுக்கே அரைகுறை. பெண்கள் அயல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. பொன்னாடைக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியே தற்காலிக மறைப்பு ஒன்றுக்குப் போதும். பெண்கள் வந்தால் அவர்களோடு பிள்ளைகளும் வருவார்கள் என்பதையும், அவர்களே அடுத்த பத்தாண்டின் இரசிகர்கள் என்பதையும் கழகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கழகத்து மாதர்கள் போட்ட கடையில் மிதிவெடி என்ற பெயருடைய றோல்ஸும் உழுந்து வடையும் சுடச்சுடக் கிடைத்தன; வாசலில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே கோல் விழுந்ததைச் சத்தத்தில் இருந்து கணித்துக்கொண்டிருந்தார். பிளேன்ரீயில் இஞ்சி சற்று அதிகம். எனக்கு அது பிடிக்கும்.

யாழ்ப்பாண நகரின் துரையப்பா விளையாட்டரங்கு போன்ற கட்டமைப்புள்ள இடத்தில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு பெரிய வேறுபாட்டை உணர்வார்கள். இந்திய அரசின் உதவியோடு புனரமைக்கப்பட்டு 2016 யூன் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அந்த அரங்கில் இருக்கை படிகளாக உயர்ந்து செல்வதால் முழுக் களமும் தெரியும். கிராமத்து மைதானத்திலோ முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாகத்தான் ஆட்டத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆகையால் முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நேரத்தோடு போய் நடுக்கோட்டுக்கு நேராக, காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் கதிரை பிடித்துக்கொள்வது நல்லது. கோல் கம்பத்துக்குப் பின்னால் சிறுவர்களை நிற்க விடாதீர்கள். அங்கே வலை கிழிந்திருந்தது. இரவு ஆட்டம் முடிந்து வரும்போது பேருந்தை எதிர்பார்க்க முடியாது. மோட்டார் சைக்கிளில் போகாதவர்கள் முச்சக்கர வண்டிக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் கூலியையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நேரத்தைப் பேசும்போது சுவரொட்டியில் உள்ள நேரத்தோடு ஒன்றரை மணித்தியாலத்தைக் கூட்டிச் சொல்லுங்கள்.