ஊதா ஓரத்தை எதில் எடுப்பது: லைட்ரூமா, டார்க்டேபிளா, வேறு ஏதாவதா?

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களை அகலக்கோண லென்ஸில் எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள சட்டம் துப்புரவாக இருக்கும். மூலைக்குப் போகப் போகச் சட்டத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையும் கோடு இழுத்திருக்கும். அதே கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டி, துவாரத்தை அகலத் திறந்து எஃப் 1.8இல் மணமகளின் நெற்றிச்சுட்டியை வெயிலில் எடுத்தால் கதை வேறு. நகை மினுங்கும் இடமெல்லாம் ஊதா படிந்திருக்கும், படத்தின் நட்டநடுவில்கூட. இரண்டுமே நிறப்பிறழ்ச்சிதான், அதாவது லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் சேர்க்காததால் வரும் பிழை. ஆனாலும் இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மென்பொருளைத் தெரிவுசெய்பவர்கள்தான் பிறகு ‘இது சரியில்லை, அது சரியில்லை’ என்று அலைகிறார்கள்.

பாலத்து நோய் சுலபமானது. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு அளவில் பெருப்பித்து விழுத்துவதால் வருவது அது. துவாரத்தைச் சுருக்கினாலும் போகாது. ஆனால் படத்தை ஆக்கும் மூன்று நிறத் தளங்களில் சிவப்பையும் நீலத்தையும் பச்சையோடு பொருந்தும் அளவுக்கு இழுத்துவிட்டால் தீர்ந்தது. மாதச் சந்தா கட்டிப் பாவிக்கும் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் லென்ஸ் திருத்தப் பகுதியில் ஒரு பெட்டியில் சரி போட்டால் போதும். இலவசமான டார்க்டேபிளில் றோ கோப்புக்கென்றே, அதாவது கமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக் கோப்புக்கென்றே, ஒரு மொடியூல் (தனிக் கருவி) இருக்கிறது. இன்னொரு இலவச மென்பொருளான ரோதெரப்பியிலும் தானியங்கித் திருத்தம் உண்டு. இந்த இடத்தில் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஃபூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் டார்க்டேபிளின் அந்த றோ மொடியூல் வேலை செய்யாது. அவர்கள் லென்ஸ் திருத்த மொடியூல் வழியாகப் போக வேண்டும்.

நெற்றிச்சுட்டி நோய்தான் மென்பொருட்களைப் பிரித்துக் காட்டும். எல்லா நிறங்களும் ஒரே தூரத்தில் குவியாததால் குவியத்துக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் கசிகின்றன. எடுக்கும்போதே துவாரத்தை எஃப் 4 வரை சுருக்கினால் பெரும்பகுதி அடங்கிவிடும். எடுத்து முடிந்த படத்தில், எந்த ஊதா பொய், எந்த ஊதா மெய் என்பதை மென்பொருள் ஊகித்தாக வேண்டும்.

இதற்கு மட்டக்களப்பு வாவியை விட நல்ல பரீட்சை கிடையாது. ஆற்றுவாழை பூத்திருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. இறகின் விளிம்பில் பொய் ஊதா, காலடியில் உண்மையான ஊதாப் பூ.

ஓரத்து நிறக் கசிவை எடுக்கும் லைட்ரூமின் டிஃப்ரிஞ்ச் கருவி, 2012இல் 4.1 பதிப்போடு வந்தது. சொட்டுக்குழாயால் இறகு ஓரத்தைத் தொட்டால் நிற எல்லையை அதுவே பிடித்துக்கொள்ளும். ஊதா அளவு 0 முதல் 20 வரை. அளவைக் கூட்டக் கூட்ட இறகு வெளுக்கும், அதோடு பூவின் இதழோரமும் சாம்பலாகும். ஆனால் படத்தின் ஓரிடத்தை மட்டும் திருத்தும் தூரிகையிலும் டிஃப்ரிஞ்ச் ஸ்லைடர் உண்டு. அதைக் கழித்தல் பக்கம் இழுத்துப் பூவின் மேல் பூசினால், படம் முழுக்கப் போட்ட திருத்தம் பூவைத் தொடாது. லைட்ரூமுக்கு நான் கொடுக்கும் புள்ளி பெரும்பாலும் இந்தக் கழித்தல் பக்கத்துக்குத்தான். இதைத் தொட்டே பார்க்காமல் வருடக்கணக்காக லைட்ரூம் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

டார்க்டேபிள் வேறு வழியில் யோசிக்கிறது. 2021இல் 3.6 பதிப்பில் வந்த நிறப்பிறழ்ச்சி மொடியூல் ‘ஊதாவைத் தேடு’ என்று போவதில்லை. ஒரு நிறத் தளத்தை, வழக்கமாகப் பச்சையை, வழிகாட்டியாக வைத்து மற்ற இரண்டையும் அதன் விளிம்புகளுக்கு ஒத்துவரச் செய்கிறது. திருத்தம் எவ்வளவு தூரம் பரவலாம் என்று சொல்லும் ஆரத்தை அளவோடு வைத்தால் பூ அதிகம் அடிபடாது. அடிபட்டால் கொக்கைச் சுற்றி ஒரு மாஸ்க் (திருத்தம் எங்கே படலாம் என்று காட்டும் எல்லை) வரைந்து மொடியூலை அதற்குள் அடைத்துவிடலாம். கொக்குப் படத்தில் எனக்கு இதுதான் பிடித்தது, இறகின் மயிரிழை கூடக் கெடுவதில்லை. குறை வேகத்தில்தான். நல்ல கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினியில் ஸ்லைடரை இழுத்துவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போகலாம்.

ரோதெரப்பியின் டிஃப்ரிஞ்சில் ஆரமும் வரம்பும் போக, எந்த நிறத்தை எவ்வளவு தாக்குவது என்று சொல்ல ஒரு வளைகோடு உண்டு. ஆனால் கொக்கின் ஓரமும் பூவும் ஏறக்குறைய ஒரே ஊதாவாக இருக்கும்போது வளைகோட்டால் என்ன பிரயோசனம்? சிவப்புச் சேலை, பச்சை வயல் என்று வேறு நிறங்களைக் காப்பாற்றத்தான் அது உதவும்.

கலியாண ஸ்டூடியோக்காரருக்கு என் பதில் மாறாது, லைட்ரூம்தான். ஒரு படத்தில் சரிசெய்ததை மண்டபத்தில் எடுத்த முழுத் தொகுதிக்கும் ஒரே தடவையில் போடுவதும், கூறைச்சேலையின் ஊதாக் கரை வரும் படங்களை மட்டும் தூரிகையால் காப்பதும் அதில் சட்டென்று முடிகிற வேலை. டார்க்டேபிளிலும் திருத்தத்தைப் பிரதிபண்ணி ஒட்டலாம்தான், ஆனால் நாளைக்கு அல்பம் கேட்கிற வீட்டுக்கு மெதுவான மென்பொருள் சரிவராது. அறுகம்பையில் அலைச்சறுக்கலும், குமண பக்கம் பறவையும் எடுத்துத் திரிகிற, மாதச் சந்தாவை டொலரில் கட்ட மனமில்லாதவருக்கு டார்க்டேபிள் தாராளமாகப் போதும்.

றோ இல்லாமல் ஜேபெக் மட்டும் கையில் இருக்கிறதா? அப்போதுதான் ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள் ஞாபகத்துக்கு வர வேண்டும். படத்தின் லேயரை நகலெடுத்து, மேல் லேயரைக் கோசியன் மங்கலாக்கி, அதன் பயன்முறையை நிறம் மட்டும் என்று மாற்றுங்கள். பிறகு கறுப்பு மாஸ்க் போட்டு, ஊதா இருக்கும் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தடவுங்கள். வெளிச்சமும் கூர்மையும் கீழ் லேயரில் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் அக்கம்பக்கத்தோடு கலந்து கரையும். மங்கல் ஆரம் கூடினால் ஆற்றுவாழை இலையின் பச்சை கொக்கின் வயிற்றில் ஏறிவிடும், அதனால் சின்ன ஆரத்தில் தொடங்குங்கள்.