கிரெனடாவில் சாப்பிட உட்காரும் முன் எந்த டாலர் என்று கேளுங்கள்

கரீபியக் கடலில் இருக்கும் கிரெனடாத் தீவின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். நான்கு பேர், ஓர் இரவுச் சாப்பாடு, பில் 300 டாலர். அந்த 300 எந்த நாட்டு டாலர் என்பதில்தான் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

அங்கே புழங்குவது கிழக்குக் கரீபிய டாலர். உள்ளூர்க்காரர்கள் ‘ஈசி’ என்பார்கள். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி என்று மதிப்பு கட்டப்பட்டிருக்கிறது. செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, டொமினிக்கா என்று அக்கம்பக்கத் தீவுகளிலும் இதே பணம்தான், ஆகவே அங்கே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சுற்றுலாப் பயணிகளிடம் அமெரிக்க டாலரையும் பெரும்பாலும் எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு பணமும் ஒரே கல்லாவில் விழுகிற ஊரில், விலைப்பட்டியலில் வெறும் டாலர் குறியை மட்டும் அச்சடித்து வைத்தால் அது யாருக்கு வசதி?

நாங்கள் போன உணவகத்தின் பட்டியல் அப்படித்தான் இருந்தது. உள்ளூர் பீர் 8, பழச்சாறு 10, கல்லலூ சூப் 18, சுட்ட மீன் 48. ஈசியில் வைத்துப் பார்த்தால் எல்லாமே நியாயமான கடற்கரை விலை. அன்று காலை சூப்பர் மார்க்கெட்டிலும் டாக்சியிலும் ஈசியில்தான் விலை சொன்னார்கள். ஒரு பாட்டில் உள்ளூர் பீருக்கு எட்டு அமெரிக்க டாலர், அதாவது 21 ஈசிக்கும் மேல், என்று எந்த மனிதர் நினைப்பார்? சிங்கி இறாலுக்கு மட்டும் விலை போடாமல் ‘அன்றைய விலை’ என்றிருந்தது. கேட்டேன். “தொண்ணூறு. இன்று காலைதான் படகில் வந்தது” என்றார் பரிமாறுபவர்.

முதலில் வந்தது சூப். என் மாமியார் சுத்த சைவம். கல்லலூ என்பது சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கடைந்தது; கேட்கும்போதே நம் வீட்டு மசியல் மாதிரி ஆசையாக இருக்கும். ஆனால் உப்பிட்ட பன்றிவாலையோ நண்டையோ அதில் போடும் வழக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் “வெறும் கீரைதான் மேடம்” என்றார். மூன்றாவது கரண்டியில் பச்சைக் குழம்புக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது, தோலும் கொழுப்புமாக. அத்தை கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அன்றிரவு ரொட்டியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. தட்டை எடுத்துப்போனவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சூப்பின் 18 டாலரும் பில்லில் அப்படியே இருந்தது.

சிங்கி இறால் என்று வந்ததோ வால் மட்டும், நடுவில் பிளந்து. தலையைக் காணோம். கறி ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, முள்கரண்டி பட்டதும் ஈர மாவாக உதிர்ந்தது. பூண்டும் வெண்ணெயும் அள்ளிப் பூசியிருந்தார்கள். எதை மறைக்கப் பூசினார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

பில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு 240, மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம் 36, சேவைக் கட்டணம் 10 சதவீதம் 24, ஆக 300. அதற்கும் கீழே டிப்ஸ் எழுதத் தனியாக ஒரு கோடு. சேவைக் கட்டணத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கோடு எதற்கு? அதை அடித்துவிட்டுக் கார்டைக் கொடுத்தோம். ஈசி 300 என்றால் ஏறக்குறைய 111 அமெரிக்க டாலர். நான்கு பேருக்குச் சரிதான். ஆனால் கார்டு இயந்திரத்தில் தெரிந்தது 300 அமெரிக்க டாலர்.

மேலாளர் வந்தார். “சுற்றுலாப் பயணிகளுக்கு எங்கள் விலை எப்போதும் அமெரிக்க டாலரில்தான்” என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று என் கணவர் கேட்டதற்குப் பட்டியலின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. முக்கால் மணி நேரம் வாதாடியதில் சேவைக் கட்டணம் 24 மட்டும் போனது. மாமியாருக்குத் தலைசுற்றல் வேறு, பையன் மேசையிலேயே தூங்கிவிட்டான். 276 அமெரிக்க டாலர் கட்டிவிட்டு வெளியேறினோம். வங்கியில் முறையிட்டதற்கு, பின் எண் போட்டு நீங்களே ஒப்புக்கொண்ட தொகை என்று கைவிரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மேற்குக் கரையிலுள்ள குவாவ் ஊரின் மீன் சந்தைக்குப் போனோம். தெருவையே அடைத்துச் சுடச்சுட மீன் பொரித்துத் தருகிறார்கள். பலகையில் விலை ஈசி என்று தெளிவாக எழுதியிருந்தது. அங்கே ஒரு மீனவரிடம் பேச்சுவாக்கில் சிங்கி இறால் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கிரெனடாவில் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை சிங்கி இறால் பிடிக்கவே தடை. நாங்கள் சாப்பிட்டது ஆகஸ்ட் முதல் வாரம். ‘இன்று காலைப் படகு’ என்றால் ஒன்று சட்டத்தை மீறிப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பல மாதம் ஐஸ் பெட்டியில் கிடந்திருக்க வேண்டும். தட்டில் வந்த மாவைப் பார்த்தவள் என்ற முறையில் ஐஸ் பெட்டி என்றே சொல்வேன்.

போகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே ஈசியா, அமெரிக்க டாலரா என்று கேட்டு, பரிமாறுபவர் கையாலேயே பட்டியலில் எழுதி வாங்குங்கள். பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரத்தில் ஈசியின் குறியீடு ‘எக்ஸ்.சி.டி.’, அது தெரியாமல் பின் எண்ணை அழுத்த வேண்டாம். விலை போடாத பண்டத்துக்கு எடை எவ்வளவு, வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். சைவக்காரர்கள் கல்லலூ பக்கமே போகாதீர்கள்; மற்ற பண்டங்களையும் சமையலறையிலிருந்து ஆளை வரவழைத்து விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

எங்களுக்குப் பிறகு அங்கே போன தோழி ஒருத்தி அதே உணவகத்தின் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பீர் இப்போது 9. டாலர் குறிக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.