குரூஸ் கப்பலைப் பிடிக்க விமானம் ஏறுவது: பல வருடம் டிக்கெட் போட்டுப் பழகிய அனுபவம்

குரூஸ் எனும் சொகுசுக் கப்பல் சுற்றுலாவுக்கு விமான டிக்கெட் போடுவதும் சாதாரண சுற்றுலாவுக்குப் போடுவதும் ஒன்றல்ல. சாதாரணப் பயணத்தில் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் ஒரு மாலைப்பொழுது வீணாகும், அவ்வளவுதான். ஹோட்டல் அங்கேயே இருக்கும். கப்பல் இருக்காது. மாலை 4 மணிக்குக் கிளம்பும் கப்பலில் ஏற மூன்றேமுக்காலுக்குப் போய் நின்றாலும் பயனில்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பயணிகள் பட்டியல் அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பல்காரர்கள் அதற்கும் முன்னதாகவே செக்-இன்னை மூடிவிடுவார்கள்.

பல வருடங்களாக இந்தப் பயணங்களுக்கு நானேதான் டிக்கெட் போடுகிறேன். எல்லாப் பகுதியும் ஒரே டிக்கெட்டில், தனித்தனி டிக்கெட்டுகளாக, கப்பல் நிறுவனம் வழியாக என்று மூன்று வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. "ஒரு மணி இருபது நிமிட கனெக்‌ஷன் போதுமா?" என்று, ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏறும் இடைவெளியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: இந்த கனெக்‌ஷன் போய்விட்டால் என்னைக் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு, அன்றைக்கே அதற்குப் பிறகு எத்தனை விமானம் இருக்கிறது? ஒரே டிக்கெட் என்றால் கொண்டு சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு; அதில் 70 நிமிட இடைவெளி, தவறினால் அடுத்தடுத்து மூன்று விமானம் உண்டு என்றால் நிம்மதியாகப் போவேன். நான்கு மணி நேர இடைவெளி, ஆனால் அன்றைய கடைசி விமானம் என்றால் யோசிப்பேன்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச கனெக்‌ஷன் நேரம் என்று ஒன்று நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குக் குறைவான இடைவெளியை ஒரே டிக்கெட்டாக சிஸ்டம் விற்காது. ஆனால் அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரம். முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், இமிக்ரேஷனில் கூட்டம் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வருகிறவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷனை முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி பெட்டியைக் கொடுத்து, செக்யூரிட்டி வரிசையிலும் நிற்க வேண்டும். பெட்டி கடைசி ஊருக்கே டேக் போட்டிருந்தாலும் வழக்கமாக இதுதான் நடைமுறை. அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை. டப்ளின், அபுதாபி போன்ற சில இடங்களில் அமெரிக்க இமிக்ரேஷனைப் புறப்படும்போதே முடித்துவிடலாம். இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நடந்து வெளியே வரலாம். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அந்த வழியைத்தான் தேடுவேன்.

தனித்தனி டிக்கெட் விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது: போகும்போது வேண்டாம். முதல் விமானம் தாமதமானது இரண்டாவது நிறுவனத்தின் கவலை இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. அதே புக்கிங்கில் திரும்பும் பயணம் இருந்தால் அதுவும் ரத்தாகலாம். இன்னொரு சிக்கல், பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். சர்வதேச விமானங்களுக்குப் பெட்டி வாங்குவதைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். காகிதத்தில் மூன்று மணி நேரமாகத் தெரிந்த இடைவெளி இதையெல்லாம் கழித்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்.

ஒரே டிக்கெட்டின் அருமை தெரிந்தது மியாமி போகும் பயணம் ஒன்றில். முதல் விமானம் பழுதாகி நின்றது, இணைப்பு விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. தரையிறங்குவதற்குள் விமான நிறுவனத்தின் செயலி எங்களை மறுநாள் மாலை விமானத்துக்கு மாற்றி வைத்திருந்தது. கப்பல் கிளம்புவதோ மறுநாள் மதியம். செயலிக்குக் கப்பல் தெரியாது, மியாமி என்ற ஊர் மட்டும்தான் தெரியும். கவுன்டரில், "மியாமிதான் வேண்டும் என்றில்லை, ஃபோர்ட் லாடர்டேல் கிடைத்தாலும் சரி" என்று சொன்னதும் அன்றிரவே இடம் கிடைத்தது. அங்கிருந்து மியாமி துறைமுகம் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். பெட்டிகள் மறுநாள் காலை ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தன. அதிலிருந்து எந்தத் துறைமுகமானாலும் பக்கத்து விமான நிலையங்களின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறேன். கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் துறைமுகம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

துறைமுகம் எங்கே என்பதே சிலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. விளம்பரத்தில் ரோம் என்றிருக்கும், கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். லண்டன் என்று போட்டு சவுத்தாம்ப்டனைக் காட்டுவார்கள், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஊரின் நடுக் கால்வாய் வழியாகப் போகத் தடை. வெனிஸ் பெயரில் விற்கும் சில பயணங்கள் ரவென்னாவிலிருந்தோ த்ரியெஸ்த்திலிருந்தோ கிளம்புகின்றன. விமானம் தரையிறங்கும் நேரத்தோடு இந்தச் சாலை நேரத்தையும் கூட்டாமல் கனெக்‌ஷனை எடை போடுவதில் அர்த்தமில்லை.

தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமே என்பார்கள். எல்லா இடத்திலும் முடியாது. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், ஒருவரை ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. பெரிய குரூஸ் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். ஆகவே சியாட்டிலில் தவறவிட்ட அலாஸ்கா கப்பலை அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் பிடித்து சியாட்டிலில் இறங்குவது நடக்காது. கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நின்றாலும் அது கணக்கில் வராது, பக்கத்துத் துறைமுகம் என்பதால்.

கப்பல் நிறுவனங்கள் விற்கும் விமான டிக்கெட் பற்றி: ராயல் கரீபியனின் ஏர்டூசீ, பிரின்சஸின் ஈஸிஏர் மாதிரியானவை. தாமதமானால் அழைக்க ஒரு உதவி மேசை இருக்கிறது, அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கவும் பார்ப்பார்கள். உங்களுக்காகக் கப்பல் காத்திருக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்குவது போன்ற பயணங்களில் எனக்கு இது உதவியது. மற்ற நேரத்தில் மாற்றம் செய்ய வேண்டுமென்றால் நடுவில் இன்னொருவர் வழியாகப் போக வேண்டியிருப்பது எரிச்சல். வேண்டாம் என்பேன்.

குரூஸ் அறைகளை இரண்டு வருடம் முன்பேகூட விற்கிறார்கள். விமான நிறுவனங்கள் பெரும்பாலும் சுமார் 11 மாதம் முன்புதான் அட்டவணையைத் திறக்கின்றன. டிக்கெட் போட்ட பிறகும் நேரங்கள் நகரும். வசதியான இரண்டு மணி நேரம் ஒரு நாள் மின்னஞ்சலில் 50 நிமிடமாக வந்து நிற்கும். பலர் "சம்மதம்" பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள். மாற்றியது அவர்கள் என்பதால் வேறு விமானம் கேட்க இதுவே நல்ல நேரம். நான் ஒருமுறை இப்படிக் கேட்டு ஒரு நாள் முன்னதாகக் கிளம்பும் விமானத்தையே வாங்கினேன், கூடுதல் கட்டணம் இல்லாமல்.

ஒரு நாள் முன்னதாகப் போவதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமானங்களை முடக்கிய கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் கோளாறு, 2025 மார்ச் 21 அன்று மின் துணைநிலையத் தீயால் ஹீத்ரோ மூடல்: இவற்றில் எந்தக் கனெக்‌ஷன் கணக்கும் நிற்காது. தினம் ஒரு விமானம் மட்டுமே போகும் ஊர் என்றால் இரண்டு நாள்.

காப்பீட்டில் "புறப்பாட்டைத் தவறவிடுதல்" என்ற பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். தனித்தனி டிக்கெட் கனெக்‌ஷனைச் சில பாலிசிகள் ஏற்பதில்லை. ஐரோப்பிய விதியில் நெடுந்தூர விமானத் தாமதத்துக்கு 600 யூரோ வரை கிடைக்கலாம், ஆனால் அது விமானத் தாமதத்துக்கானது. போன கப்பலுக்கு அல்ல.

திரும்பும்போது என் கணக்கு தலைகீழ். கப்பல் காலை ஆறு, ஏழு மணிக்குக் கரை சேரும், ஆனால் மூடுபனியோ அதிகாரிகளின் சோதனையோ இழுக்கலாம் என்பதால் முதல் விமானத்தை மதியத்துக்குப் பிறகுதான் போடுகிறேன். அதன் பிறகு வரும் கனெக்‌ஷன் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் கவலையில்லை, தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும் சில சமயம் சரி என்றே விடுவேன். தவறினால் ஒரு ராத்திரியும் கொஞ்சம் பணமும் போகும். மறுநாள் அலுவலகத்தில் முக்கியமான வேலை எதுவும் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.